இருபத்துமூன்றுக்கு இரண்டு

என் வாழ்நாளில் நான் நின்றது ஒரே ஒரு தேர்தல். அதிலும் தோற்றேன். வாக்காளர்களில் மூத்தவனுக்கு வயது பன்னிரண்டு. இளையவளுக்கு ஆறு, அவள் எனக்கு எதிராக இரண்டு கையையும் தூக்கினாள். (ஒன்றைத்தான் கணக்கில் எடுத்தோம். அந்த அளவுக்கு நியாயம் அன்றைக்கு இருந்தது.)

தேர்தலில் தோற்றவர்கள், எதிராளி சூழ்ச்சி செய்துவிட்டான் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த ஆறுதல்கூடக் கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்குக் கை தூக்கக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். எட்டு மாதம் பாடுபட்டுக் கற்றுக்கொடுத்தேன். நான் கற்றுக்கொடுத்ததில் அவர்கள் முழுசாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். திருவனந்தபுரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு வந்திருந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பி.ஏ. படித்தவன் தெருவில் போனால் நின்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "வேலை வல்லதும் ஆச்சா?" என்று கேட்பார்கள். ஆகவில்லை. சர்க்கார் ஆபீசுகளுக்கு மனு எழுதி எழுதி என் கையெழுத்து மட்டும் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டு வந்தது.

பெற்றோர் காலமாகிவிட்டதால் அக்கா வீட்டில் சோறு. அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்த ஊர், குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே, கடலைவிட்டு இரண்டு மைல் உள்ளே தள்ளி, பனைகளுக்கு மத்தியில் இருந்தது. மேலப்பனவிளை என்று பெயர். அத்தானுக்குக் கருப்பட்டி வியாபாரம். அவர் பேசுவது குறைவு. அவருடைய பங்கையும் சேர்த்து அக்கா பேசிவிடுவாள்.

"ஏலே, சும்மா இருந்து தின்னா உனக்க வயிறு ஒண்ணும் கேக்காது. ஊரு கேக்கும்," என்றாள் ஒரு நாள். "அந்த பி.ஏ. படிச்ச வாயால இஞ்ச உள்ள பிள்ளையளுக்கு ரெண்டு எழுத்து சொல்லிக் குடுக்கப்பிடாதா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சர்க்கார் பள்ளிக்கூடம் குளத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு மைல் தூரத்தில். மழைக்காலத்தில் குளக்கரை வழுக்கும். பாதிப் பிள்ளைகள் போவதே இல்லை. போன பிள்ளைகளும் அடி வாங்கிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள்.

அக்கா கேட்டது இரண்டு எழுத்து. நான் கொடுக்க நினைத்தது சுதந்திரம்.

கல்லூரியில் கடைசி வருஷம் ஒரு பிரசங்கம் கேட்டிருந்தேன். சீமையில் எங்கேயோ ஒரு பள்ளிக்கூடமாம். அங்கே பிரம்பு கிடையாது. பிள்ளைகளே கூடி விதி போடுவார்களாம். வாத்தியாருக்கு ஒரு ஓட்டு என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு. யாருக்கு எது எப்போது படிக்க இஷ்டமோ அதை அப்போது படிக்கலாம். இஷ்டமில்லை என்றால் படிக்க வேண்டாம். கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஓட்டலில் தோசை வரப் பிந்தியதால் அந்தப் பிரசங்கத்துக்கு நான் முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனேன். கேட்டது பின்பாதி மட்டும்தான். முன்பாதியில் அந்த மனிதர் என்னென்ன எச்சரிக்கை சொன்னாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அத்தான் கருப்பட்டி அடுக்கி வைக்கிற ஓலைச் சாய்ப்பில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. எறும்புகள் ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருந்தன. இருபத்துநான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அக்காவின் பிள்ளைகள்: பத்து வயது தானியேல், எட்டு வயது ரூபி.

முதல் நாள் எழுந்து நின்று அறிவித்தேன். "இங்கே அடி கிடையாது. உங்களுக்கு என்ன விதி வேண்டுமோ அதை நீங்களே கூடிப் பேசி, கை தூக்கி முடிவு செய்யலாம். எனக்கும் ஒரு கைதான்."

பிரம்பை எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று கண்ணால் தேடினார்கள். பிறகு செல்லையன் என்ற பையன் எழுந்தான். பனையேறியின் மகன், எல்லாரிலும் மூத்தவன்.

"சார், வெளிய போகணும் எண்ணா கேக்கணுமா?"

"கேட்க வேண்டாம்."

ஆறு பேர் எழுந்து வெளியே போனார்கள். மறுநாள்தான் திரும்பினார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு 'பிள்ளைகள் சபை' என்று பெயர் வைத்தேன். அதில் முதல் தகராறு உபதேசியாருடன் வந்தது. உபதேசியார் என்றால், பாதிரியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோவிலில் ஆராதனை நடத்துகிறவர். கோவில் காரியத்தில் மட்டுமல்ல, ஊர்க் காரியத்திலும் அவர் சொல்தான் கடைசி.

"சபை எண்ணு ஒண்ணு இஞ்ச நேரத்தே இருக்கே," என்றார் வருத்தத்துடன். "ரெண்டு சபை ஆனா ஆளுக எங்க போகும்?"

எங்கும் போகாது என்று உறுதி சொன்னேன்.

சபை மும்முரமாக நடந்தது. சாய்ப்புக்குள் முட்டையிட்ட கோழி, கோழிக்காரியின் சொத்தா சபையின் சொத்தா என்று மூன்று நாள் விவாதித்தார்கள். (கடைசியில் கோழியே வராமல் போனதால் தீர்மானம் கைவிடப்பட்டது.) இரண்டாவது வாரம் ஒரு விதி வந்தது: பேசுகிறவர் யாராயிருந்தாலும் கை தூக்கி அனுமதி வாங்க வேண்டும், ஓட்டை போட்ட தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றி வைப்போம், அது ஒழுகித் தீர்ந்ததும் பேச்சை நிறுத்த வேண்டும். அது முழுக்க முழுக்க என்னை நினைத்துப் போடப்பட்ட விதி என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. பெருமையோடு நானும் கை தூக்கினேன்.

தானியேல், தனக்கு ஒன்றும் படிக்க இஷ்டமில்லை என்று அறிவித்துவிட்டு, நான்கு மாதம் சாக்கின்மேல் படுத்து உறங்கினான். அக்கா கேட்டபோது, "அவன் மனம் தரிசு நிலம் மாதிரி ஓய்வெடுக்கிறது" என்றேன்.

"ஓய்வெடுத்த நெலத்துல புல்லாக்கும் முளைக்கும்," என்றாள் அக்கா.

ஆனால் பொன்னம்மை இருந்தாள். அவளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் நான் வெறும் கோமாளி. சொன்னால் அதைவிட மோசம்.

ஒன்பது வயது. ஒடிசலான பிள்ளை. அவளுடைய அப்பனும் பனையேறிதான். ஒரு வருஷம் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குப் போய் நிறுத்தப்பட்டவள். காரணம், வாத்தியார் எதைச் சொன்னாலும் 'அது ஏன்' என்று கேட்பாள். அங்கே கேட்ட கேள்விக்கெல்லாம் உள்ளங்கையில் பதில் கிடைத்திருக்கிறது. என் சாய்ப்பில் அவள் ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. கருப்பட்டி பொதிந்து வந்த பழைய பத்திரிகைத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு நாள் கை தூக்கினாள்.

"சார், எட்டு பதினாறு நூத்தி இருவத்தெட்டு எண்ணு சொல்லுகாவளே, அது ஆரு போட்ட தீருமானம்?"

"அது தீர்மானம் இல்லை, பொன்னம்மை. அது அப்படித்தான்."

"ஓட்டுக்கு விடல்லியா?"

"இல்லை."

அவளுக்கு அது சரியாகப் படவில்லை. மறுநாள் ஒரு கடவப்பெட்டி நிறையப் புளியங்கொட்டையோடு வந்தாள். பதினாறு பதினாறாக எட்டுக் குவியல் வைத்து, ஒன்றாகக் கூட்டி, முதலிலிருந்து எண்ணினாள். நடுவில் தானியேல் உறக்கத்தில் காலை நீட்டிக் கலைத்துவிட்டான். அழாமல் மறுபடியும் வைத்தாள். சாயங்காலம் வந்து, "செரியாக்கும் சார்" என்றாள். அந்தக் கணக்குக்கு அவள் ஒப்புதல் கொடுத்த மாதிரி இருந்தது. அன்று நான் வீட்டுக்குத் தரையில் கால் படாமல் நடந்து போனேன். அந்த நடைதான் என்னைக் கெடுத்தது.

மாசி மாதத்துக்குள் ஊரில் முணுமுணுப்பு வந்துவிட்டது. உபதேசியார் என்னைத் தனியே அழைத்தார்.

"சார், ஆளுக ஒரு மாதிரி பேசுகாவ. எட்டு மாசம் ஆச்சு, பிள்ளைய ஒரு வாய்ப்பாடு சொல்லுகில்ல எண்ணு."

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ளவன் என்றால், இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று சொல்லியிருப்பான். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "அறுப்பின் பண்டிகை வருகிறதே. அன்றைக்குச் சர்க்கார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் அழைப்போம். ஊரறிய ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எது கல்வி என்று தெரிந்துபோகும்."

தெரிந்துதான் போயிற்று.

சர்க்கார் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் மாதேவன் பிள்ளையிடம் நானே நேரில் போய்ச் சவால் விட்டேன். என்னைவிட முப்பது வயது மூத்தவர். மெலிந்த மனிதர். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு; கையில் குடை. நான் பேசப் பேசப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கென்ன, வாறோம் சார்," என்றார். அவர் என்னைச் சார் என்று அழைத்தது இன்றைக்கும் குத்துகிறது.

எல்லாரிடமும் கேட்டேன். ஒரு இடத்தில் மட்டும் கேட்க மறந்துவிட்டேன். என் பிள்ளைகளிடம்.

அறுப்பின் பண்டிகை என்றால் கோவில் வளாகத்தில் பந்தல் போட்டு, விளைந்ததில் முதல் பலனைக் கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். நெல், மரச்சீனிக் கிழங்கு, வாழைக்குலை, சேவல். அன்றைக்கு ஏலம் முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பொட்டியிலிருந்து எடுத்த புடவை. தம்பி ஜெயிக்கப்போவதைப் பார்க்க வந்திருந்தாள்.

முதலில் சர்க்கார் பள்ளிக்கூடத்தின் முறை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு இருபத்துநான்கு பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். மாதேவன் பிள்ளை ஒரு சின்ன வெண்கல மணியை அடித்தார். பதினாறாம் வாய்ப்பாடு ஆரம்பித்தது.

நான் அதை அதற்கு முன்னும் பின்னும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு மாதிரி கேட்டதில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சே பாட்டு மாதிரி இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அந்தப் பிள்ளைகளோ அதை நிஜமாகவே பாட்டாக்கியிருந்தார்கள். 'ஓர் பதினாறு பதினாறு' என்று பைய எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் குரல் ஏறி, இருபத்துநான்கு தொண்டையும் ஒரே தொண்டையாகி, பதினாறு பதினாறில் ஒரே கைதட்டலோடு நின்றது. கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள்.

என் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஐயோ பாவம், அடிமைப் பிள்ளைகள் என்று பரிதாபப்படுகிறார்கள் என நினைத்துக்கொண்டேன். (அந்த வயதில் எனக்குக் கண்ணும் சரியாகத் தெரியாது, காதும் சரியாகக் கேட்காது.)

"இனி நம்ம பிள்ளைய," என்றார் உபதேசியார்.

செல்லையன் கையைத் தூக்கினான். அந்த மாதம் அவன்தான் சபைத் தலைவர்.

"சார், சபை கூட்டணும்."

"இப்போதா? எதற்கு?"

"நாங்க கேள்விக்குப் பதில் பறையணுமா வேண்டாமா எண்ணு சபையில வைக்கல்லியே. நீங்க ஒராளாட்டு முடிவு செய்துட்டிய."

மாதேவன் பிள்ளை மணியை மடியில் வைத்துக்கொண்டார். என் விதிப்படி அவன் சொன்னது சரி. மறுக்க எனக்கு வழியில்லை. ஊர் முழுவதும் பார்த்திருக்க, ஆராதனை நடந்த பந்தலில், இருபத்துநான்கு பிள்ளைகளும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். சிரட்டையில் தண்ணீர் ஊற்றப்பட்டது. சுமார் கால் மணி நேரம் பேசி, 'இஷ்டமுள்ளவர் பதில் சொல்லலாம்' என்று முடிவு செய்தார்கள்.

இஷ்டமுள்ளவர் ஒரே ஆள். பொன்னம்மை எழுந்து நின்றாள்.

மாதேவன் பிள்ளை குரலை இறக்கிக் கேட்டார். "மக்கா, பதினாறு பதினாறு எவ்வளவு?"

அவள் சற்று யோசித்தாள். "இருநூத்தி அம்பத்தாறு."

"அது இப்பந்தானே அவிய பாடினாவ," என்றார் கூட்டத்தில் ஒருவர். "கேட்டுச் சொல்லுகா." சிரிப்பு எழுந்தது.

மாதேவன் பிள்ளை சிரிக்கவில்லை. தம் பிள்ளைகளைப் பார்த்து, "இருபத்துநாலு பதினாறு எவ்வளவு?" என்றார். பாட்டு பதினாறோடு முடிகிறது. வரிசை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அவர் மறுபடியும் பொன்னம்மையின் பக்கம் திரும்பினார்.

பொன்னம்மை கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. வெகுநேரம் அசைந்தது. அந்தச் சமயம் பார்த்துப் பின்வரிசையில், ஏலம் எடுத்த வாழைக்குலையில் இரண்டு சீப்பு குறைகிறது என்று ஒரு தகராறு கிளம்பி, கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

"முந்நூத்தி எம்பத்தி நாலு," என்றாள்.

"எப்பிடி?"

"எட்டு பதினாறு நான் எண்ணிப் பாத்ததாக்கும். அதுக்க ரெட்டி பதினாறு பதினாறு. அதுக்க கூட ஒரு எட்டு பதினாறு."

மாதேவன் பிள்ளை பென்சிலை எடுத்துத் தம் உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கேட்டது அவர், நான், அவள். ஊரில் வேறு ஒருவருக்கும் அது தெரியாது. எல்லாரும் வாழைக்குலையை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒரு நிமிஷம் நான் ஜெயித்திருந்தேன். கூட்டம் மறுபடியும் எங்கள் பக்கம் திரும்பியபோது ரூபி கை தூக்கியிருந்தாள்.

"எனக்கு ஒரு தீருமானம் உண்டு," என்றாள் என் சொந்த அக்காள் மகள். "நாம எல்லாரும் ஒக்க அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம்."

எனக்கு விளங்கவில்லை. "ஏன்?"

"சார், கை தூக்கிட்டுப் பேசணும்," என்றான் செல்லையன்.

கை தூக்கினேன். எனக்கு முன்னால் மூன்று பேர் தூக்கியிருந்தார்கள். காத்திருந்தேன்.

ரூபி சொன்னாள்: "அவிய எல்லாரும் சேந்து பாடுகாவ. நாம எப்பளாவது சேந்து வல்லதும் செய்திருக்கோமா? சண்டைதானே பிடிக்கோம்."

தானியேல் சொன்னான்: "அங்க மணி அடிச்சா வீட்டுக்குப் போலாம். இஞ்ச எப்ப முடியும் எண்ணே தெரியாது."

செல்லையன் தலைவரானாலும் தானும் கை தூக்கித் தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொண்டு பேசினான். "எல்லாத்தையும் நாமளே தீருமானிக்கணும் எண்ணா சீணமும் களைப்புமாட்டு இருக்கு சார். காலத்த எந்திச்சா இண்ணைக்கு என்ன படிக்கணும் எண்ணு ஆலோசிக்கணும். அங்க சாரு ஆலோசிப்பாரு."

பொன்னம்மை கை தூக்கினாள். "அங்க அடிப்பாவ."

"அது எப்பளாவதுதானே," என்றான் செல்லையன்.

"என்னை எப்பளும் அடிச்சாவ."

பிறகு என் முறை வந்தது.

என்ன பேசினேன் என்பது முழுதாக நினைவில்லை. மனிதன் பிறக்கும்போதே சுதந்திரமாகப் பிறக்கிறான் என்று தொடங்கினேன். கூண்டு, கிளி, சிறகு எல்லாம் வந்தன. எதிர்காலப் பிரஜைகள் என்றேன். இந்தத் தேசத்தின் விடுதலையே இந்த ஓலைச் சாய்ப்பிலிருந்துதான், என்று நான் கையை உயர்த்தியபோது செல்லையன் சிரட்டையைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினான். தண்ணீர் தீர்ந்திருந்தது. தூக்கிய கையோடு உட்கார்ந்தேன்.

ஓட்டுக்கு விட்டார்கள். எண்ணுவது என் பொறுப்பு. ரூபியின் தீர்மானத்துக்கு ஆதரவாக இருபத்துமூன்று கைகள். எதிராக இரண்டு: பொன்னம்மையுடையது, என்னுடையது. உரக்கச் சொல்லி அறிவித்தேன். என் குரல் நடுங்கியது என்று அக்கா பிறகு சொன்னாள். எனக்கு அது கேட்கவில்லை.

உபதேசியாரைப் பார்த்தேன். அவர் ஒருவர் நினைத்தால் இதைத் தடுக்கலாம். அவர் கையை விரித்தார். "சபைக்க தீருமானத்த நான் மாத்த ஒக்காது சார்."

மாதேவன் பிள்ளைக்குத்தான் என்னைவிட அதிகச் சங்கடம். எழுந்து என் பக்கத்தில் வந்து, "நான் இப்பிடி ஆகும் எண்ணு நெனைக்கல்ல சார், கேட்டியளா," என்றார். பிறகு வேறு வழியில்லாமல் பிள்ளைகளிடம், "நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்திரணும். நகம் வெட்டிட்டு வரணும்," என்றார்.

அதைக் கேட்டதும் என் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். யாரும் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட வரிசை என்றால் என்னவென்று அறியாத பிள்ளைகள், உயரப்படி, முன்னால் நிற்பவன் தோளில் கை வைத்து நின்றார்கள். நான்கு மாதம் உறங்கிய தானியேல்கூட விறைப்பாக நின்றான். பொன்னம்மை மட்டும் வட்டம் இருந்த இடத்தில், தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் சிரிக்க அதிகம் இல்லை.

பொன்னம்மையும் போனாள். தீர்மானம் என்றால் தீர்மானம்தானே என்றாள். பதினோரு நாள் போனாள். அவள் சேர்ந்த வகுப்பு மாதேவன் பிள்ளையிடம் இல்லை. அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறிய இன்னொரு வாத்தியாரிடம். முதல் வாரம் அவள் கேட்ட கேள்விக்குப் பெஞ்சுமேல் நிற்க வைத்தார். பதினோராம் நாள் வெயிலில் நிற்கச் சொன்னார். அவள் வெயிலில் நிற்கவில்லை. வெளியே போக இஷ்டமுள்ளவர் போகலாம் என்று எட்டு மாதம் பழகியவள், நேரே வீட்டுக்கு நடந்துவிட்டாள். பேரை வெட்டிவிட்டார்கள்.

கேள்விப்பட்டுப் போனேன். பதநீர் இறங்கும் காலம். எங்கள் ஊரில் அதை அக்கானி என்போம். அவளுடைய அம்மை பெரிய பானையில் அக்கானி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பொன்னம்மை அடுப்புக்குப் பனையோலை தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் சாய்ப்புக்கு வா பொன்னம்மை. நான் சொல்லித் தருகிறேன்," என்றேன்.

"வேற ஆரு வருவாவ?"

"நீ மட்டும்தான்."

"பின்ன சபை எப்பிடி கூடும் சார்?"

அவள் அம்மை குறுக்கிட்டாள். "சாரே, அவளுக்கு நீங்க ஒருபாடு படிப்பிச்சாச்சு. இனி அவ வேலை செய்யட்டும்." அதில் கோபம் இல்லை. ஒரு கிண்ணம் அக்கானி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். பொன்னம்மையைப் பதினைந்து வயதில் குலசேகரம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

எனக்கு வேலை கிடைத்தது. மாதேவன் பிள்ளையின் சிபாரிசில், அதே சர்க்கார் பள்ளிக்கூடத்தில், பொன்னம்மை பெஞ்சில் நின்ற அதே வகுப்பில். திணறிய வாத்தியார் மாற்றலாகிப் போயிருந்தார். அங்கே இருபத்தெட்டு வருஷம் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். நன்றாகச் சொல்லிக்கொடுத்தேன், பிள்ளைகள் அதைப் பாடினால் ரோட்டில் போகிறவர்கள் நிற்பார்கள். அறுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் பிரம்பு இல்லாமல் எத்தனை நாள் தாக்குப்பிடித்தேன் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். பதினான்கு நாள். பொன்னம்மையைவிட மூன்று நாள் அதிகம்.

எங்கள் குடும்பத்தில் இதெல்லாம் வேறு மாதிரி நிலைத்துவிட்டது. அக்காவுக்கு அந்தப் பண்டிகை நாள் ஒரு நகைச்சுவைக் கதை. பேரப்பிள்ளைகள் பிறக்கப் பிறக்க ஒவ்வொருவருக்கும் சொல்லி வளர்த்தாள். தானியேல் இப்போது ஒரு கம்பெனியில் பெரிய அதிகாரி. நேரம் தவறாதவன் என்று பெயர். கிறிஸ்துமஸுக்கோ கல்யாணத்துக்கோ குடும்பம் கூடும்போது நான் ஏதாவது அபிப்பிராயம் சொல்லிவிட்டால் போதும். குழம்பில் புளி கூடுதல் என்றாலும் சரி, பெண் பார்த்த இடம் சரியில்லை என்றாலும் சரி. தானியேல் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் எழுந்து நிற்பான்.

"மாமா சொன்னதுக்கு எதிரா உள்ளவங்க கை தூக்குங்க."

எல்லாக் கையும் உயரும். என் மனைவியின் கை முதலில் உயரும். கைக்குழந்தையின் கையைக்கூட அதன் தாய் பிடித்துத் தூக்கிக் காட்டுவாள். ரூபி எண்ணுவாள். ஆரம்பத்தில் சில வருஷம் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி இருந்தால், ஒரு ஓட்டு குறைகிறது என்று சொல்லி மறுபடியும் முதலிலிருந்து எண்ணுகிறார்கள், சோறு ஆறிப்போகிறது.

அதனால் இப்போதெல்லாம் நானும் எனக்கு எதிராகக் கை தூக்கிவிடுகிறேன்.